பிரஷருக்குச் சத்து மாத்திரை: எது வேலை செய்கிறது, யாருக்கு?

"பிரஷர் மாத்திரையை ஆரம்பிச்சிட்டா ஆயுசுக்கும் விட முடியாதாமே?" மருத்துவர் சீட்டில் அம்லோடிபின் என்று எழுதிக் கொடுத்ததும் நம்மூரில் எழும் முதல் கேள்வி இதுதான். அதற்குப் பதிலாக இயற்கையாக ஏதாவது இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. அதற்கு விடை சொல்ல மருந்துக்கடை அலமாரியும் இணையச் சந்தையும் காத்திருக்கின்றன: மக்னீசிய மாத்திரை, மீன் எண்ணெய், பூண்டுக் கேப்ஸ்யூல், கோ-என்சைம் க்யூ 10, பீட்ரூட் பொடி, செம்பருத்தித் தேநீர், முருங்கையிலைப் பொடி, மருதம்பட்டைச் சூரணம். இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் பெரும் ஆய்வு ஒன்று 2023-ல் வெளியானது. அதன்படி நம் நாட்டில் வயது வந்தவர்களில் 35.5 சதவீதம் பேருக்கு உயர் ரத்த அழுத்தம் இருக்கிறது. மூவரில் ஒருவர் கேட்கக்கூடிய கேள்வி இது. "எல்லாம் வியாபாரம்" என்று ஒரே வார்த்தையில் ஒதுக்குவது அவர்களுக்குச் செய்யும் நியாயமாகாது. "இயற்கை என்பதால் நல்லது" என்று தலையாட்டுவதும் அப்படித்தான்.

முதலில் அளவுகோலைப் பார்ப்போம். பிரஷர் மருந்துகளில் ஏதாவது ஒன்றை வழக்கமான அளவில் சாப்பிட்டால் மேல் அளவு சராசரியாக 9 மி.மீ. இறங்குகிறது. 354 சோதனைகளைத் தொகுத்து 2003-ல் லண்டன் ஆய்வாளர்கள் போட்ட கணக்கு இது. மேல் அளவில் 5 மி.மீ. இறங்கினாலே மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய பாதிப்புகள் ஏறத்தாழ 10 சதவீதம் குறைகின்றன என்று 2021-ல் லான்செட் இதழில் வந்த தொகுப்பாய்வு காட்டியது. ஆக 2 மி.மீ., 3 மி.மீ. என்பதும் ஒரு ஊர் முழுக்கக் குறைந்தால் பெரிய விஷயம்தான். ஆனால் 165 காட்டும் ஒரு தனி மனிதரை அது காப்பாற்றாது. சத்து மாத்திரைகளைப் பற்றிய எந்த எண்ணைப் படித்தாலும் இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ரத்த அழுத்தம் நிலையான எண்ணும் கிடையாது. மாடி ஏறி வந்த களைப்பு, இரவு தூங்காதது, வெள்ளைக் கோட்டைப் பார்த்த பதற்றம் என்று எதுவும் அதை ஏற்றிவிடும். முதல் தடவை 158 காட்டியவருக்கு, எதுவுமே செய்யாவிட்டாலும் இரண்டு வாரம் கழித்து 148 காட்டக்கூடும். இடையில் அவர் பூண்டு சாப்பிட்டிருந்தால் பெருமை பூண்டுக்குப் போய்ச் சேரும். "எங்க மாமாவுக்குக் குறைஞ்சுது" என்பதில் பொய் இல்லை, ஆனால் அது சான்றும் ஆகாது. போலி மாத்திரை பெற்ற குழுவோடு ஒப்பிட்டுப் பார்த்த சோதனைகளையே நம்ப வேண்டியிருப்பதற்குக் காரணம் இதுதான்.

அப்படிப்பட்ட சோதனைகளில் தலையாயது 1997-ல் அமெரிக்காவில் வெளியான டாஷ் ஆய்வு. 459 பேருக்கு எட்டு வாரம் சாப்பாடு முழுவதையும் ஆய்வுக்குழுவே சமைத்துக் கொடுத்தது. உப்பைக் குறைக்கவில்லை, எடையையும் குறைய விடவில்லை. ஒரு குழுவுக்கு வழக்கமான அமெரிக்கச் சாப்பாடு. ஒரு குழுவுக்குப் பழமும் காய்கறியும் அதிகம். மூன்றாம் குழுவுக்கு அவற்றோடு கொழுப்பு குறைந்த பால், தயிர், முழுத்தானியம், கொட்டைகள். மூன்றாம் குழுவில் ஏற்கெனவே உயர் ரத்த அழுத்தம் இருந்தவர்களுக்கு, வழக்கமான சாப்பாட்டுக் குழுவோடு ஒப்பிட்டால் மேல் அளவு 11.4 மி.மீ. இறங்கியது. ஒரு மாத்திரைக்குச் சமமான இறக்கம் இது. இரண்டே வாரத்தில் தெரிய ஆரம்பித்துவிட்டது. பொட்டாசியம், மக்னீசியம், கால்சியம், நார்ச்சத்து ஆகிய நான்கும் அந்தத் தட்டில் கூடியிருந்தன. அதற்கு முன்பே இவற்றைத் தனித்தனி மாத்திரைகளாகக் கொடுத்துப் பார்த்திருந்தார்கள், விளைவுகள் முன்னுக்குப் பின் முரணாக இருந்தன. சாப்பாடாகக் கொடுத்தபோது தெளிவாக வேலை செய்தது. இன்றைய சத்து மாத்திரை விளம்பரங்களில் பல, அந்தத் தட்டு சம்பாதித்த நற்பெயரைத்தான் குப்பியில் அடைத்து விற்கின்றன.

தனித்தனியாகப் பார்த்தால் எதற்கு வலுவான ஆதாரம்? சந்தேகமே இல்லாமல் பொட்டாசியத்துக்கு. அது வேலை செய்யும் விதமும் இன்று நன்றாகத் தெரிந்திருக்கிறது. உடலில் பொட்டாசியம் குறைந்தால், சிறுநீரக நுண்குழாயில் சோடியத்தை உள்ளே இழுக்கும் ஒரு கடத்தி முடுக்கிவிடப்படுகிறது. உப்பு உடலில் தங்குகிறது, அழுத்தம் ஏறுகிறது. பொட்டாசியம் போதுமான அளவு வந்தால் அந்தக் கடத்தி அடங்கிவிடுகிறது. தயசைடு வகை பிரஷர் மாத்திரைகள் அடக்குவதும் இதே கடத்தியைத்தான். பொட்டாசியத்தைக் கூட்டினால் உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு மேல் அளவு சுமார் 5 மி.மீ. இறங்குவதை 2013-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த தொகுப்பு காட்டியது. நாளுக்கு 3,510 மி.கி. பொட்டாசியம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

இதை மாத்திரையாக எடுக்கலாமா? அமெரிக்காவில் கடையில் கிடைக்கும் பொட்டாசிய மாத்திரை ஒன்றில் பெரும்பாலும் 99 மி.கி.தான் இருக்கும். செறிவான பொட்டாசிய மாத்திரைகள் சிறுகுடலில் புண் உண்டாக்கிய பழைய அனுபவத்தால் வந்த வரம்பு அது. ஒரு நடுத்தர வாழைப்பழத்திலேயே 400 மி.கி. அளவுக்கு இருக்கிறது. ஒரு இளநீரில் ஏறத்தாழ அரை கிராம். பருப்பு, கீரை, கிழங்கு என்று நம் அடுக்களையில் பொட்டாசியத்துக்குப் பஞ்சம் இல்லை. காயை வேகவைத்து அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டும்போதுதான் அதில் கணிசமான பங்கு போய்விடுகிறது.

மாத்திரையைவிட எளிய வழியை உப்பு ஜாடி வழியே கண்டுபிடித்தார்கள். சோடியம் குளோரைடில் கால் பங்கை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பொட்டாசியம் குளோரைடைக் கலந்த உப்பு அது. வட சீனாவின் 600 கிராமங்களில், ஏற்கெனவே பக்கவாதம் வந்தவர்களும் பிரஷர் உள்ள முதியவர்களுமாக 20,995 பேரிடம் இதைச் சோதித்தார்கள். பாதிக் கிராமங்களுக்கு இந்த உப்பு, மீதிக்கு வழக்கமான உப்பு. ஐந்து ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவாகத் தொடர்ந்து பார்த்ததில் பக்கவாதம் 14 சதவீதமும் மரணங்கள் 12 சதவீதமும் குறைந்தன. முடிவு 2021-ல் வெளியானது. மேல் அளவில் இறங்கியது மூன்று மி.மீ. சொச்சம்தான். ஒரு ஊர் முழுக்க இறங்கும் 3 மி.மீ. என்ன செய்யும் என்பதற்கு இதைவிட நல்ல சான்றை நான் பார்த்ததில்லை. அதே ஆண்டில் நமக்குப் பக்கத்திலேயே, தெலங்கானாவின் சித்திப்பேட்டை மாவட்டக் கிராமங்களில் 502 பேரிடம் நடந்த மூன்று மாதச் சோதனையும் வெளியானது. யாருக்கு எந்த உப்பு என்று கொடுப்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. மாற்று உப்பு சாப்பிட்டவர்களுக்கு மேல் அளவு 4.6 மி.மீ. கூடுதலாக இறங்கியது. அவர்களில் பெரும்பாலோர் மாத்திரையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள்.

இங்கே இந்துப்பைப் பற்றி ஒரு வார்த்தை. பிரஷருக்கு நல்லது என்று நம்பிப் பல வீடுகளில் கிலோவுக்குக் கூடுதல் விலை கொடுத்து வாங்குகிறார்கள். இந்துப்பில் பெரும்பங்கு சோடியம் குளோரைடுதான். நிறத்தைத் தரும் மற்றக் கனிமங்கள் துளியளவே. போதாததற்கு, அயோடினும் சேர்த்திருக்க மாட்டார்கள். பொட்டாசியம் கலந்த உப்பு என்று பாக்கெட்டில் விகிதத்தோடு அச்சிட்டிருந்தால் மட்டுமே அது மேலே சொன்ன உப்பு.

மக்னீசியத்துக்கு வருவோம். இப்போது சமூக ஊடகங்களில் தூக்கத்துக்கும் பிரஷருக்கும் சேர்த்து அதிகம் பரிந்துரைக்கப்படுவது இதுதான். 34 சோதனைகள், இரண்டாயிரத்துச் சொச்சம் பேர், நாளுக்கு 368 மி.கி. என்ற நடுத்தர அளவு, மூன்று மாதம்: மேல் அளவு 2 மி.மீ. இறங்கியது. 2016-ல் வந்த தொகுப்பு. இறக்கம் உண்மை, ஆனால் சிறியது. குப்பியைத் திருப்பிப் படித்தால் இன்னொன்று தெரியும். முன்பக்கம் பெரிய எழுத்தில் 'மக்னீசியம் சிட்ரேட் 1000 மி.கி.' என்று இருக்கும். அந்த உப்பில் மக்னீசியத்தின் பங்கு சுமார் 16 சதவீதம், அதாவது 160 மி.கி. சோதனைகளில் கொடுத்த அளவில் பாதிகூட இல்லை. மீன் எண்ணெயிலும் இதே கதை. 1000 மி.கி. கேப்ஸ்யூலில் பிரஷருக்கு உதவக்கூடிய ஈ.பி.ஏ., டி.எச்.ஏ. இரண்டும் சேர்ந்து வழக்கமாக 300 மி.கி. அளவில் இருக்கும். பலன் தெரிந்த அளவோ நாளுக்கு 2 முதல் 3 கிராம். தினம் ஏழு, எட்டு கேப்ஸ்யூல் விழுங்கினால்தான் அந்தக் கணக்கு நேராகும். அவ்வளவு மீன் எண்ணெய், இதயத் துடிப்பு ஒழுங்கு தவறும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற கோளாறின் வாய்ப்பைச் சற்றுக் கூட்டுகிறது என்பதும் பிற்காலச் சோதனைகளில் தெரியவந்தது. வாரம் இரண்டு நாள் மத்தியும் அயிலையும் குழம்பு வைத்துச் சாப்பிடுவதை நான் தயங்காமல் சொல்வேன். கேப்ஸ்யூலை அப்படிச் சொல்ல முடியவில்லை.

கால்சியம் சாதாரணமாகப் பிரஷரை அதிகம் அசைப்பதில்லை. ஒரே ஒரு இடத்தில் அது உயிர் காக்கிறது: கர்ப்ப காலத்தில். பாலும் தயிரும் போதாமல் கால்சியம் குறைவாகச் சாப்பிடும் பெண்களுக்கு, பிரஷர் திடீரென எகிறித் தாய்க்கும் குழந்தைக்கும் ஆபத்தாகும் பிரீ-எக்ளாம்ப்சியா வராமல் தடுக்க அது உதவுகிறது. அதனால்தான் கால்சியம் குறைவாகச் சாப்பிடும் நாடுகளில் கர்ப்பிணிகளுக்கு நாளுக்கு ஒன்றரை முதல் இரண்டு கிராம் வரை கொடுக்கச் சொல்லி வந்தது உலக சுகாதார நிறுவனம். மூன்று, நான்கு பெரிய மாத்திரைகள், அதுவும் இரும்புச்சத்து மாத்திரையோடு சேர்க்காமல் நேரம் மாற்றி. வாந்தியும் மலச்சிக்கலுமாக இருக்கும் ஒரு கர்ப்பிணி இதை எத்தனை நாள் ஒழுங்காகச் சாப்பிடுவாள்? பெங்களூரில் முதல் பிரசவத்துக்குக் காத்திருந்த 11,000 பெண்களிடம் இந்தக் கேள்வியைச் சோதித்தார்கள். அரை கிராம் வாங்கியவர்களில் 3 சதவீதத்தினருக்கும், ஒன்றரை கிராம் வாங்கியவர்களில் 3.6 சதவீதத்தினருக்கும் பிரீ-எக்ளாம்ப்சியா வந்தது. ஒரு மாத்திரையே போதும் என்ற இந்த முடிவு 2024 ஜனவரியில் வந்தது. பிரஷரும் சத்து மாத்திரையும் பற்றி நம் மண்ணில் நடந்த ஆய்வுகளில் இதையே நான் மிகப் பெரிதாக மதிக்கிறேன். நம் அங்கன்வாடிகளுக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் நேராகப் பயன்படும் விடை அது.

சீனாவில் ஃபோலிக் அமிலத்தில் கண்டதும் இதே வழியில்தான் போகிறது. எனலாப்ரில் மாத்திரை சாப்பிட்ட 20,702 பேரில் பாதிப்பேருக்கு அதோடு 0.8 மி.கி. ஃபோலிக் அமிலமும் சேர்த்துக் கொடுத்தார்கள். பிரஷர் இரு குழுவிலும் ஒன்றுபோலத்தான் இருந்தது. ஆனால் முதல் பக்கவாதம் 21 சதவீதம் குறைந்தது. ரத்தத்தில் ஃபோலேட் அளவு ஆரம்பத்திலேயே குறைவாக இருந்தவர்களுக்குப் பலன் அதிகம். மாவில் ஃபோலிக் அமிலம் சேர்க்காத நாடு சீனா. சேர்க்கும் நாடுகளில் இப்படித் தெளிவான பலன் கிடைக்கவில்லை.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் ஒரு கோடு தென்படுகிறது. பொட்டாசியம் குறைவாகவும் உப்பு அதிகமாகவும் சாப்பிடும் கிராமங்களில் பொட்டாசியம் வேலை செய்தது. கால்சியம் போதாத கர்ப்பிணிகளிடம் கால்சியம் வேலை செய்தது. ஃபோலேட் போதாத இடத்தில் ஃபோலிக் அமிலம். சத்து என்பது குறை இருக்கும் இடத்தில் அந்தக் குறையை நிரப்புகிறது, அவ்வளவுதான் அதன் வேலை. குறையே இல்லாதவர் மேலும் மேலும் விழுங்குவதால் அது மருந்தாக மாறிவிடுவதில்லை. ஆகவே "பிரஷருக்கு எந்த மாத்திரை நல்லது?" என்று தொடங்குவதைவிட, "இவர் தட்டில் எது குறைகிறது, எது மிஞ்சுகிறது?" என்று தொடங்குவதே சரியான வழி என்று நினைக்கிறேன். நம் தட்டில் மிஞ்சுவது என்ன என்பது தெரிந்ததே: ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர்மிளகாய். அப்பளத்தில் உப்போடு அப்பளக்காரத்தின் சோடியமும் சேர்கிறது. தண்ணீரில் போட்டால் நுரைத்துக் கரையும் வைட்டமின், அஜீரண மருந்துகளிலும் நுரைக்காகச் சேர்த்த சோடியம் உண்டு. பிரஷர் உள்ளவர் தினம் ஒன்று குடித்தால் அதுவும் கணக்கில் ஏறும்.

வைட்டமின் டி-யை நம்பி ஏமாந்தவர்கள் பலர். ரத்தத்தில் அது குறைவாக உள்ளவர்களுக்குப் பிரஷர் அதிகம் என்று கண்டதால் எழுந்த நம்பிக்கை அது. கொடுத்துப் பார்த்தபோது ஒன்றும் நடக்கவில்லை; 46 சோதனைகளைத் தொகுத்த 2015-ம் ஆண்டு ஆய்வு அதை ஐயமில்லாமல் சொல்லிவிட்டது. எலும்புக்காக எடுப்பவர் எடுக்கட்டும். கோ-என்சைம் க்யூ 10 விலை உயர்ந்தது. காக்ரேன் குழு 2016-ல் தேடியபோது தரமான சோதனைகளில் அதற்குக் குறிப்பிடத்தக்க பலன் கிடைக்கவில்லை. கோக்கோவின் பலன் 2 மி.மீ.க்கும் கீழே.

பூண்டு இவற்றிலிருந்து வேறுபட்டது. ஆஸ்திரேலியாவில் கரின் ரீட் நடத்திய, தொகுத்த ஆய்வுகளில் உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு மேல் அளவு 8 மி.மீ. வரை இறங்கியது. சோதனைகள் சிறியவை, பலவற்றில் பயன்பட்டது ஊறவைத்துப் பக்குவப்படுத்திய பூண்டுச் சாறு. ரசத்தில் தட்டிப்போடும் நாலு பல்லுக்கு அந்த எண்ணைப் பொருத்திப் பேச முடியாது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தவர்களும் பூண்டுக் கேப்ஸ்யூலைப் பற்றி மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும்.

பீட்ரூட்டின் வழி அழகானது. அதிலுள்ள நைட்ரேட் ரத்தத்தில் கலந்து, உமிழ்நீரில் திரும்பி வந்து, நாக்கின் மேலுள்ள நுண்ணுயிர்களால் நைட்ரைட்டாகி, உடலுக்குள் நைட்ரிக் ஆக்ஸைடாக மாறி ரத்தக் குழாயைத் தளர்த்துகிறது. கிருமிநாசினி போட்ட மவுத்வாஷால் வாய் கொப்பளித்தால் இந்தச் சங்கிலி அறுந்துவிடும். லண்டனில் அம்ரிதா அலுவாலியா குழு 68 பேரிடம் நடத்திய சோதனையில் தினம் 250 மி.லி. சாறு நான்கு வாரத்தில் மேல் அளவை 8 மி.மீ. அளவுக்கு இறக்கியது, நிறுத்தியதும் பழையபடி ஏறியது. நைட்ரேட் தண்டுக்கீரையிலும் பசலையிலும் முள்ளங்கியிலும் தாராளமாக இருக்கிறது. சிறுநீரகக் கல் வந்தவர்கள் பீட்ரூட்டையும் பசலையையும் அளவோடு வைத்துக்கொள்வது நல்லது. செம்பருத்தித் தேநீர் என்று ஆய்வுகளில் வருவது நம் வாசலில் பூக்கும் செம்பருத்தி கிடையாது. புளிச்சைக்கீரை இனத்துச் செடியின் சிவந்த புல்லி இதழ் அது. பாஸ்டனில் 65 பேர் ஆறு வாரம் தினம் மூன்று கோப்பை குடித்ததில் 7 மி.மீ. இறங்கியது. முருங்கைக்கும் மருதம்பட்டைக்கும் இந்த அளவு சோதனைகூட நடக்கவில்லை.

மூலிகையால் பிரஷரை இறக்கவே முடியாது என்று சொல்பவருக்கு வரலாறு தெரியாது. சர்ப்பகந்தா வேரைப் பற்றி 1931-ல் கல்கத்தாவின் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் இருவரும் எழுதினார்கள். மனநோய்க்குப் பயன்பட்டு வந்த அந்த வேர் பிரஷரையும் இறக்குகிறது என்பது அவர்கள் கண்டது. அதே ஆண்டில் டெல்லியில் சலீமுஸ்ஸமான் சித்திக்கி அந்த வேரிலிருந்து வேதிப்பொருள்களைப் பிரித்தெடுத்து, அவற்றில் ஒன்றுக்கு ஹக்கீம் அஜ்மல்கான் நினைவாக அஜ்மலின் என்று பெயரிட்டார். பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜல் வக்கீல், 50 நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த முடிவை 1949-ல் பிரிட்டிஷ் ஹார்ட் ஜர்னலில் வெளியிட்டார். உலகம் திரும்பிப் பார்த்தது அப்போதுதான். 1952-ல் சுவிட்சர்லாந்தின் சிபா நிறுவனம் அதன் சாரமான ரெசர்பினைப் பிரித்தது. உயர் ரத்த அழுத்தத்துக்குச் சிகிச்சை கொடுத்தால் பக்கவாதம் குறையும் என்று முதன்முதலில் ஐயமற நிறுவிய, 1967-ல் வெளியான அமெரிக்கச் சோதனையில் கொடுத்த மூன்று மருந்துகளில் ரெசர்பினும் ஒன்று. கூடவே அதன் மறுபக்கமும் தெரிந்தது: அளவு மிஞ்சினால் சிலரைக் கடும் மனச்சோர்வில் தள்ளியது. அளவும், பக்கவிளைவும், யாருக்குக் கூடாது என்பதும் தெரிந்த பிறகு அந்த வேர் மருந்தாகிவிட்டது. உண்மையில் வேலை செய்யும் எந்த மூலிகையும் போய்ச் சேர வேண்டிய இடம் அதுதான். பொடியாக வாங்கும் வேரில் சாரம் எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. பிரஷர் மாத்திரையோடு சேர்த்து அதைச் சாப்பிடுவது ஆபத்து.

எதிர்த்திசையில் இழுக்கும் மூலிகையும் உண்டு. தொண்டைக்கட்டுக்கும் இருமலுக்கும் வீட்டில் வைத்திருக்கும் அதிமதுரம் பிரஷரை ஏற்றும். அதிலுள்ள கிளிசிரைசின், உப்பைத் தேக்கிவைத்துப் பொட்டாசியத்தை வெளியேற்றும்படி சிறுநீரகத்தைத் தூண்டுகிறது. 2024-ல் வெளியான ஸ்வீடன் சோதனையில், பாதுகாப்பானது என்று கருதப்பட்ட தினசரி 100 மி.கி. கிளிசிரைசினே இரண்டு வாரத்தில் மேல் அளவை 3 மி.மீ. ஏற்றியது. என்றைக்கோ ஒரு நாள் வாயில் அடக்கிக்கொள்ளும் துண்டைப் பற்றிக் கவலை வேண்டாம். தினமும் கஷாயத்திலும் மூலிகைத் தேநீரிலும் அதைக் குடித்துக்கொண்டு, மாத்திரை ஏன் கேட்கவில்லை என்று தவிப்பவர்கள் இருக்கிறார்கள். கலப்படம் இன்னொரு கவலை. பாஸ்டன் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளில் 14-ல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றில் ஏதாவது இருந்ததை 2004-ல் கண்டார்கள். ஈயம் உடலில் சேர்ந்தால் பிரஷர் ஏறும்.

இந்த நாட்டுச் சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2016-ம் ஆண்டு விதிகளின்படி சத்து மாத்திரைக் குப்பியில் 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்று அச்சிட வேண்டும். பிரஷரைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்வதை 1954-ம் ஆண்டுச் சட்டமே தடை செய்கிறது. யூடியூபில் ஓடுவது வேறு.

சத்து மாத்திரையால் நேரும் பெரிய தீங்கு, மருந்தை நிறுத்துவதில்தான் இருக்கிறது. பிரஷர் வலிக்காது. மாத்திரையை விட்டுவிட்டுச் சூரணத்துக்கு மாறியவருக்கு மூன்று மாதம் எந்தத் தொந்தரவும் தெரியாது. அடுத்து தெரிவது பக்கவாதமாக இருக்கலாம். "ஆயுசுக்கும் விட முடியாது" என்ற பயத்துக்கு என் பதில் இது: சாப்பாடும் எடையும் உப்பும் சீரானால் மருத்துவரே மாத்திரையைக் குறைப்பதுண்டு. சிலருக்கு நிறுத்துவதும் உண்டு. வீட்டில் உட்கார்ந்து ஐந்து நிமிடம் அமைதியாக இருந்து, காலையும் மாலையும் அளந்து எழுதிவைத்த ஒரு வாரக் குறிப்போடு போய் அதைக் கேட்க வேண்டும்.

தமிழ்நாட்டுக்கு இதில் ஒரு தனி வாய்ப்பு இருக்கிறது. ராமநாதபுரம் மாவட்டம் வாலிநோக்கத்தில் உப்பு எடுக்கும் அரசு நிறுவனம், 2014-ல் 'அம்மா உப்பு' என்று மூன்று வகைகளைச் சந்தை விலையைவிடக் குறைவாகக் கொண்டுவந்தது. சோடியம் குறைத்த உப்பு அவற்றில் ஒன்று. 2021-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் பிரஷர் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுபோகிறது. 2025 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனமும் பொட்டாசியம் கலந்த உப்பைப் பரிந்துரைத்துவிட்டது. சிறுநீரக நோயாளிகள், கர்ப்பிணிகள், குழந்தைகள் நீங்கலாக. இந்த விலக்குதான் முடிச்சு. டெல்மிசார்டன், எனலாப்ரில், ஸ்பைரனோலாக்டோன் போன்ற மாத்திரைகள் உடலில் பொட்டாசியத்தைத் தேக்குபவை. சிறுநீரகம் பழுதான ஒருவர் இவற்றோடு பொட்டாசிய உப்பும் இளநீரும் சேர்த்தால் ரத்தத்தில் பொட்டாசியம் எகிறி இதயத் துடிப்பே நின்றுபோகலாம். சீன ஆய்வில் அப்படிப்பட்ட விபத்துகள் கூடவில்லை. ஆனால் கடுமையான சிறுநீரக நோய் இருப்பது தெரிந்தவர்களை அவர்கள் முன்பே விலக்கிவிட்டார்கள். நம் கிராமங்களில் தன் சிறுநீரகம் எந்த நிலையில் இருக்கிறது என்று தெரியாமலே வேலைக்குப் போகிறவர்கள் ஏராளம். மாத்திரை கொடுக்க வாசலுக்கு வரும் அதே ஊழியர் ஆண்டுக்கு ஒரு முறை கிரியாட்டினினும் பொட்டாசியமும் பார்க்க ரத்தம் எடுத்துப்போனால், எந்த வீட்டுக்கு அந்த உப்பைக் கொடுக்கலாம், எந்த வீட்டுக்குக் கூடாது என்று சொல்லிவிட முடியும்.